யாருக்கு, யாருடைய பணத்தில்?

நலத்திட்டங்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கப் புறப்படும் ஆய்வு மாணவருக்கு முதல் இடர் ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பொதுச் சமூக ஆய்வு, ஒரே கேள்வியை இரு வடிவங்களில் எழுதி, பதிலளிப்போரைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கேட்டது. ஒரு வடிவத்தில் ‘வெல்ஃபேர்’ என்ற சொல் இருந்தது. மற்றொன்றில் ‘ஏழைகளுக்கான உதவி’ என்ற தொடர். அரசின் செலவு போதவில்லை என்று முதல் பிரிவில் சொன்னோர் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். இரண்டாம் பிரிவில் அவர்கள் 60 விழுக்காட்டைத் தாண்டினர். அச்சொல்லைக் கேட்டதும் உழைக்க மனமில்லாத கறுப்பினத்தவர் என்ற சித்திரமே வெள்ளையர் பலரின் மனத்தில் எழுந்தது என்பதை மார்ட்டின் கிலன்ஸ் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார்.

இந்தியாவில் இவ்வேலை மேலும் கடினம். ஒரே அரிசிக்கு இங்கு ‘இலவசம்’, ‘மானியம்’, ‘உரிமை’ எனப் பல பெயர்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2011க்குப் பின் ‘விலையில்லா’ என்ற அடைமொழியைத் தன் திட்டங்களுக்குச் சூட்டியது. 2022 ஜூலையில் புந்தேல்கண்ட் விரைவுச்சாலைத் திறப்பு விழாவில் பிரதமர் ‘ரேவடி’ என்ற இந்திச் சொல்லைப் பயன்படுத்தினார். எள்ளும் வெல்லமும் சேர்ந்த அந்த மிட்டாயின் பெயர், பகிர்ந்தளிக்கும் குருடன் மீண்டும் மீண்டும் தன்னவருக்கே கொடுப்பான் என்னும் பழமொழியை உடன் இழுத்துவருகிறது. பல மொழிகளில் பெயர்க்கப்படும் வினாத்தாளில் ஒரு மொழியின் நடுநிலைச் சொல் இன்னொரு மொழியில் ஏச்சாகிவிடக்கூடும். ஆகவே தேர்ந்த ஆய்வாளர்கள் பெயரைத் தவிர்த்துப் பொருளைச் சொல்கிறார்கள்: மாதந்தோறும் ஒருவருக்கு 5 கிலோ தானியம், ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை.

சொல்லைச் சரிசெய்தாலும் வாக்கியம் சாய்ந்தே நிற்கலாம். ‘வரி செலுத்துவோரின் பணத்தை ஏழைகளுக்குச் செலவிடுவது சரியா?’ என்ற கேள்வி, வரி செலுத்துவோர் ஒரு கூட்டம், ஏழைகள் வேறொரு கூட்டம் என்று பதில் வருமுன்பே முடிவுசெய்துவிடுகிறது. வருமான வரி கட்டுவோர் இந்நாட்டில் சிறுபான்மையினர் என்பது உண்மை. ஆனால் சோப்பும் செருப்பும் வாங்கும் கட்டடத் தொழிலாளி ஒவ்வொரு முறையும் மறைமுக வரி செலுத்துகிறார். மறுபக்கம், வீட்டுக்கடன் வட்டிக்கு வரிவிலக்குப் பெறுபவரும், மத்தியப் பல்கலைக்கழகத்தில் குறைந்த கட்டணத்தில் பயின்று ஆய்வு உதவித்தொகை பெறுபவரும் தம்மைப் பயனாளி என்று ஒருபோதும் அழைத்துக்கொள்வதில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் வெவ்வேறு மனிதர்கள் என்று கருதிக்கொண்டு எழுதப்படும் கேள்வி இரக்கத்தை அளக்கலாம். தோழமை உணர்வை அதனால் அளக்க முடியாது.

செலவைச் சொல்லாத கேள்வியும் பயன் தராது. முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டுமா என்றால் மறுப்பவர் அரிது. அதற்காகத் தாம் கூடுதல் வரி தருவதா, வேறொரு திட்டத்தைக் குறைப்பதா என்று தொடர்ந்து கேட்டால்தான் விருப்பத்தின் எடை தெரியும்.

அடுத்து, யாருக்கு என்ற வினா. உதவி பெறத் தகுதியானவர் யார் என்று மக்கள் தீர்மானிக்கும் ஐந்து அளவுகோல்களை விம் வான் ஊர்ஷோட் 2000இல் தொகுத்தளித்தார்: நிலைமைக்கு அவரே பொறுப்பா, நன்றியோடு நடந்துகொள்கிறாரா, பதிலுக்கு ஏதேனும் தந்திருக்கிறாரா, நம்மவரா, தேவை எவ்வளவு. நெதர்லாந்துத் தரவுகளைக் கொண்டு அவர் எழுதியதில் நான்காவது அளவுகோல் இங்கு வந்ததும் சாதியாகவும் மதமாகவும் உருக்கொள்கிறது. அதை நேராகக் கேட்டால் நேரான பதில் கிடைப்பதில்லை.

இதற்கு இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு 2011–12இல் கையாண்ட வழி பாடமாகக் கொள்ளத்தக்கது. 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடந்த அந்த ஆய்வு, வீட்டில் யாரேனும் தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறார்களா என்று முதலில் கேட்டது. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் ஒருவர் சமையலறைக்குள் வந்தாலோ வீட்டுப் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ சிக்கல் உண்டா என்று மீண்டும் கேட்டது. ‘தீண்டாமை’ என்ற சட்டச் சொல்லை மறுத்தவர்களில் ஒரு பகுதியினர் பாத்திரம் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பதில்களையும் சேர்த்தால் 27 விழுக்காடு. கொள்கையளவில் கேட்கும்போது எல்லோரும் சமத்துவவாதிகள். அடுப்படி வரை போகும் கேள்விக்குத்தான் உண்மை கிடைக்கிறது.

வினாத்தாள் எவ்வளவு செம்மையானாலும் அது கேட்கப்படும் இடம் ஒரு வீட்டு வாசல். கையில் கணினிப் பலகையோடு வருபவரை அரசு ஆள் என்று எண்ணும் மூதாட்டி, தன் குடும்ப அட்டைக்கு ஆபத்து வராத பதிலைத்தான் சொல்வார். பக்கத்தில் மகன் நின்றால் பதில் மகனுடையதாகிவிடும். ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையசைப்போர் பலர். எனவேதான் இரு எதிர்க்கூற்றுகளை முன்வைத்து எது தம் கருத்துக்கு நெருக்கம் என்று கேட்கும் முறை இங்கு கூடுதல் பொருத்தமுடையது. கேட்பவரின் சாதி, பால், பேச்சுவழக்கு ஆகியவற்றையும் தரவில் பதிந்துவைப்பது நல்லது.

இவை முறையியல் நுணுக்கங்களாகத் தோன்றலாம். ஆனால் ‘இத்தனை விழுக்காட்டினர் இலவசங்களை எதிர்க்கிறார்கள்’ என்ற தலைப்புச் செய்தி நாளிதழில் வரும்போது அதன் பின்னிருந்த கேள்வி அச்சில் வருவதில்லை. அந்த எண் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போகிறது. நிதி ஒதுக்கீட்டைக் குறைப்போருக்கு மக்கள் தீர்ப்பாகப் பயன்படுகிறது. நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவருக்கு அவ்வெண்ணோடு வாதாட வழியில்லை. விழுக்காட்டை வெளியிடுவோர் கேள்வியின் முழு வாசகத்தையும், அது கேட்கப்பட்ட மொழியையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று ஆய்வுலகம் வற்புறுத்துவதே அவருக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம்.