ஐந்து சென்டிமீட்டர்

எங்கள் ஊரில் கிணற்றின் ஆழம் பார்க்க, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவார்கள். கல் தரை தட்டியதும் கயிற்றை இழுத்து முழம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். எண்ணெய்க் கிணறும் அப்படித்தான், கயிறு மட்டும் கொஞ்சம் நீளம் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இன்-பிளான்ட் டிரெயினிங் போனேன். (நண்பர்களே, சிரிக்க வேண்டாம். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.)

காவிரிப் படுகையில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய கிணறு. எண்ணெயோடு தண்ணீர் அதிகமாக வருகிறது என்று பழுது பார்க்க ரிக் நிறுத்தியிருந்தார்கள். கிணற்றின் இரும்பு உறையில் இரண்டு இடத்தில் துளைகள். மேல் துளைகளில் எண்ணெய் வருகிறது. அதற்குச் சுமார் பத்து மீட்டர் கீழே உள்ளவற்றில் வெறும் தண்ணீர். கீழே இருப்பதை மட்டும் சிமென்ட்டால் அடைக்க வேண்டும். உள்ளே குழாய் இறக்கி, அதன் நுனி வழியாகச் சிமென்ட் அனுப்புவார்கள்.

நுனி எங்கே நிற்கிறது? எட்டிப் பார்க்க முடியாது. இறக்கப்போகும் குழாய்களை மேலேயே அடுக்கி, ஒவ்வொன்றாக டேப் பிடித்து அளந்து, நம்பர் போட்டு நோட்டில் எழுதிக் கூட்டுவதுதான் ஆழம். இதற்கு டாலி என்று பெயர். ஒரு குழாய் ஒன்பதரை மீட்டர் போல இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அதனால் ஒன்றை அளந்து பெருக்கிவிட முடியாது. மொத்தம் 208 குழாய். டேப்பின் ஒரு முனை ஒரு அண்ணனிடம், மறுமுனையும் நோட்டும் என்னிடம்.

கூட்டிப் பார்த்தால் 1,987 மீட்டர். பழைய நோட்டில் அதே குழாய்களுக்கு 1,976! ஷிப்ட் இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நானும் விடவில்லை. "சார், சொந்த எடையில் குழாய் நீண்டிருக்கும். WL/2AE" என்று எடுத்துவிட்டேன். எஸ்.ஓ.எம். பேப்பரில் அது நமக்கு ரெண்டு மார்க் கேள்வி.

"போட்டுப் பாரேன்" என்றார். போட்டேன். 1,976 மீட்டர் எஃகுக் குழாய் காற்றில் தொங்கினால்கூட முக்கால் மீட்டர் வரவில்லை. "அதுவும் தொங்கும்போதுதான். கீழே படுத்துக்கிடக்கிற குழாய் எப்படிய்யா நீளும்?" என்றார். எனக்கு முகமே இல்லை.

டேப் பிடித்த அண்ணன்தான் கண்டுபிடித்தார். எட்டாவது வரைதான் படித்தவர். "தம்பி, நுனியில இருக்கிற மரையையும் சேத்தா அளந்த? அது அடுத்த குழாய்க்குள்ள போயிடுமே!" மரை ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். 208 தடவை சேர்த்தால் பதினோரு மீட்டர். என் கணக்கை நம்பி இறக்கியிருந்தால், நுனி தண்ணீர்த் துளைக்கு எதிரே நிற்கிறது என்று நினைத்து, எண்ணெய் வரும் துளைக்குச் சிமென்ட் பூசியிருப்போம்.

பிறகு கேபிளில் கருவி இறக்கிச் சரிபார்ப்பது உண்டு. களிப்பாறையில் இயற்கையான காமா கதிர் அதிகம், மணற்பாறையில் குறைவு. அந்தக் கோட்டைப் பழைய பதிவோடு வைத்துப் பொருத்துவார்கள். குழாய் இணைப்புகளைக் காந்தத்தால் கண்டுபிடிக்கும் கருவியும் கூடவே போகும். ஆனால் அந்த வண்டி வரும் வரைக்கும் எல்லோரும் நம்புவது நோட்டைத்தான். அந்த நோட்டு என் கையில்.

சித்திரை வெயிலில் 208 குழாயையும் மறுபடி அளந்தோம். தப்பு என்னுடையது. வெயில் அண்ணனுக்கும் சேர்த்து. ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் கேட்டார்.

"இப்ப எவ்வளவு தம்பி?"

"1,976 அண்ணே. கரெக்டா இருக்கு."

"எந்த மேடையிலேர்ந்து?"

முழித்தேன். எண்ணெய்க் கிணற்றில் ஆழம் தரையிலிருந்து தொடங்குவதில்லையாம். கிணறு தோண்டிய அன்று நின்ற ரிக்கின் மேடையிலிருந்துதான் எல்லாக் கணக்கும். அந்த ரிக் எப்போதோ போய்விட்டது, மேடை உயரம் மட்டும் ஃபைலில் இருக்கிறது. எங்கள் மேடையோ அதைவிடத் தாழ்ந்தது. அந்த வித்தியாசத்தையும் சேர்த்தால்தான் நுனி நிற்கும் இடம் தெரியும்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு படியேறினேன்.