பனிமலைக்காரர் கட்டிய மூட்டை

பிரயாணத்துக்கு மூட்டை கட்டுவது யாருடைய இலாகா என்று நம் வீடுகளில் கேட்கவே வேண்டியதில்லை. "கொடைக்கானலுக்கு மூன்று நாள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். அப்புறம் ஸ்வெட்டர், மப்ளர், குழந்தைக்குக் குல்லாய், ப்ளாஸ்க், சுக்குப் பொடி, புளியோதரை, ஊறுகாய் என்று பட்டியல் போடுவது உங்கள் பாடு. கடைசியில் பெட்டியின் மேல் யாராவது ஏறி உட்கார்ந்தால்தான் பூட்டு விழும்!

இப்போது வேறொரு பிரயாணத்தைக் கற்பனை செய்து பாருங்கள். போகிற இடத்தில் பஸ் கிடையாது, ஹோட்டல் கிடையாது, கூலி ஆள் கிடையாது. பத்தாயிரம் அடிக்கு மேலே, பனிக்கு நடுவே, பல நாள் நடக்க வேண்டும். சாமான் முழுவதும் உங்கள் முதுகில்தான். சாப்பாடு தீர்ந்தால் வேட்டையாடித்தான் ஆக வேண்டும். எதை எடுத்துக்கொள்வீர்கள்? எதை விட்டுவிட்டுப் போவீர்கள்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றைக்கும் இப்படி முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சாமானையும் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் பைக்குள் வைப்பார்கள். பாரம் குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை நறுக்கி எறிகிற ஆசாமிகளும் உண்டு! ஆனால் இந்த வித்தைக்கு ஒரு குருநாதரைப் பார்க்க வேண்டுமென்றால், இத்தாலி தேசத்தின் வடகோடிக்குப் போக வேண்டும். சுமார் 5,300 வருஷங்களுக்கு முன் அவர் கட்டிய மூட்டை அங்கே இருக்கிறது. மூட்டை மட்டுமல்ல, அவரும் இருக்கிறார். வாருங்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

இரண்டு பாஷை பேசும் ஊர்

நாம் போகிற ஊருக்கு இத்தாலியர் வைத்த பெயர் போல்ஸானோ. ஜெர்மன் பேசுவோர் வைத்த பெயர் போட்ஸன். முதல் உலக யுத்தம் முடியும் வரை இது ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஊர். ஆகையால் தெருப் பலகை முதல் ஹோட்டல் சாப்பாட்டுப் பட்டியல் வரையில் எல்லாமே இரண்டு பாஷையில். வெரோனாவிலிருந்து ரயிலில் வந்தால் வழி நெடுக ஆப்பிள் தோட்டங்களும் திராட்சைக் கொடிகளும் கண்ணுக்கு விருந்து.

தெற்கு டைரோல் தொல்பொருள் காட்சிசாலை இந்த ஊரில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு சுவரில் சின்ன ஜன்னல் ஒன்று. எட்டிப் பாருங்கள். பயப்படாதீர்கள்! பூஜ்யத்துக்குக் கீழே 6 டிகிரி குளிரில், மெல்லிய பனிக்கட்டிப் பூச்சு மினுமினுக்க, ஒரு மனிதர் படுத்திருக்கிறார். ஐந்தேகால் அடி உயரம். உயிரோடிருந்தபோது எடை சுமார் 50 கிலோ. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். ஓட்ஸ் பள்ளத்தாக்கை ஒட்டிய மலையில் அகப்பட்டதால் 'ஓட்ஸி' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள்.

1991 செப்டம்பர் 19ஆம் தேதி, ஜெர்மனியைச் சேர்ந்த ஸைமன் தம்பதிகள் 3,210 மீட்டர் உயரத்தில் மலையேறிக்கொண்டிருந்தார்கள். பனி உருகிய ஒரு பள்ளத்தில் மனித உடல் ஒன்று பாதி வெளியே தெரிந்தது. யாரோ மலையேறப் போய் விபத்துக்குள்ளானவர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இன்ஸ்ப்ரூக் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் கொன்ராட் ஸ்பிண்ட்லர், பக்கத்தில் கிடைத்த கோடரியைப் பார்த்ததும், "இது குறைந்தது நாலாயிரம் வருஷத்துப் பழசு" என்று அபிப்பிராயம் சொன்னார். அவர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்!

அப்புறம் பாருங்கள், இரண்டு தேசத்துக்கும் வழக்கு. அளந்து பார்த்ததில் எல்லைக்கோட்டிலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை, இத்தாலிப் பக்கம். அதனால்தான் 1998 முதல் போல்ஸானோ வாசம்.

உடம்பிலே என்ன?

குளிர்ப் பிரதேச வேட்டைக்காரர்கள் இன்றைக்குச் சொல்லும் முதல் விதி, "பருத்தி வேண்டாம்" என்பது. நமக்கு ஆச்சரியமாக இருக்கும். ஏறும்போது வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நின்றதும் நடுக்கும். கம்பளி அப்படியல்ல, நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். இரண்டாவது விதி, தடிமனாக ஒன்று போடுவதைவிட மெல்லியதாகப் பல அடுக்குப் போடுவது நல்லது. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், உட்காரும்போது மாட்டிக்கொள்ளலாம்.

ஓட்ஸி இரண்டையும் கரைத்துக் குடித்தவர். ஆட்டுத் தோலில் கோவணம். கால்களுக்குத் தனித்தனியே உறைகள். அதன்மேல் வெள்ளாடு, செம்மறியாடு இரண்டின் தோல்களையும் பட்டை பட்டையாக இணைத்துத் தைத்த மேலங்கி. தலைக்குக் கரடி ரோமக் குல்லாய், காற்றில் பறக்காமல் இருக்கத் தாடைக்கடியில் கட்டிக்கொள்ள வார் வேறு!

காலணியைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அடிப்பாகம் கரடித் தோல், மேல்பாகம் மான் தோல். உள்ளே மரநாரினால் ஒரு வலை. அந்த வலைக்கும் தோலுக்கும் நடுவே காய்ந்த புல்லை அடைத்திருக்கிறார். அதுதான் அவருடைய காலுறை. நனைந்துவிட்டால் துவைத்து உலர்த்த வேண்டாம். எடுத்து எறிந்துவிட்டு வேறு புல் அடைத்துக்கொள்ளலாம். செக் தேசத்துப் பேராசிரியர் ஒருவர் இதே மாதிரி செய்து போட்டுக்கொண்டு மலையேறச் சொல்லிப் பார்த்தார். வெகு சௌகரியமாக இருந்ததாம்.

தையல் தெரிந்த சகோதரிகள் மேலங்கிக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கியின் சொந்தத் தையல் மிருக நரம்பினால் போட்டது. நெருக்கமாக, ஒழுங்காக, கைதேர்ந்த வேலை. ஆனால் கிழிந்த இடங்களில் வெறும் புல்லைத் திரித்து, தாறுமாறாக ஓட்டுத் தையல் போட்டிருக்கிறது. அது வேறு கை. வீட்டில் நிதானமாகத் தைத்தவர் ஒருவர்; வழியிலே கிழிந்தபோது, குளிரில் விரல் விறைக்க, ஒப்பேற்றிக்கொண்டவர் இன்னொருவர். அது அவரேதான் என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள்.

முதுகிலே என்ன?

ஹேஸல் மரக் கொம்பு ஒன்றை வளைத்து, குறுக்கே இரண்டு பலகைகளைக் கட்டிய சட்டம் ஒன்று கிடைத்தது. முதுகில் மூட்டையைத் தாங்கும் சட்டம் என்பதே பலருடைய அபிப்பிராயம். நீண்ட புற்களால் பின்னிய பாய் ஒன்றும் இருந்தது. மழைக்குப் போர்வையோ, மூட்டைக்கு மூடியோ, படுக்கையோ, எல்லாமாகவுமோ இருந்திருக்கலாம். ஒரு சாமான் ஒரே வேலை செய்தால் அது மலைக்கு வர லாயக்கில்லை!

பிர்ச் மரப்பட்டையில் இரண்டு டப்பாக்கள் வைத்திருந்தார். நம் இமயமலையில் பூர்ஜ மரம் என்று சொல்கிறோமே, அதன் இனம்தான் இது. ஒரு டப்பாவுக்குள் கரித்துண்டுகளும், பச்சையாகப் பறித்த மேப்பிள் இலைகளும் இருந்தன. இது எதற்கு என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் உடனே சொல்லியிருப்பார்கள். தீப்பெட்டிச் சிக்கனம் பார்த்த காலத்தில், பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து கரண்டியில் தணல் வாங்கி வருவார்கள் அல்லவா? அதேதான்! தணலைப் பச்சை இலையில் பொதிந்து டப்பாவில் வைத்தால் பட்டை எரியாது. தணலும் சீக்கிரம் அவியாது. நேற்றைய அடுப்பிலிருந்து இன்றைய அடுப்பு.

இடுப்பிலே என்ன?

தணல் அவிந்துபோனால்? அதற்கும் வழி செய்திருக்கிறார். கன்றுக்குட்டித் தோலில் இடுப்புக் கச்சை. அதில் தைத்த சின்னப் பை. மரத்தில் முளைக்கும் பஞ்சு போன்ற ஒருவகைக் காளான் அதற்குள் இருந்தது. பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். கூடவே எலும்புக் குத்தூசி, சக்கிமுக்கிக் கல்லில் சுரண்டி, துளை போடும் கருவி.

தோல் வாரில் கோத்த வேறொரு காளானும் இருந்தது. அது மருந்தாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் குடலில் சாட்டைப்புழு முட்டைகள் இருந்ததைக் கேட்டால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகத் தையல் பெட்டி, கருவிப் பெட்டி, மருந்துப் பெட்டி மூன்றும் இடுப்போடு போயிற்று. முதுகு மூட்டை பள்ளத்தில் உருண்டால்கூட இடுப்புப் பை மிஞ்சும். இன்றைய வேட்டைக்காரர்களும் தீக்குச்சியையும் கத்தியையும் முதுகுப் பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

சாப்பாட்டு விஷயம்? அவருடைய இரைப்பையை 2018இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். காட்டு மலையாட்டு மாமிசம், மான் மாமிசம், ஐன்கார்ன் என்ற பழங்காலக் கோதுமை; எல்லாவற்றையும்விடக் கொழுப்பு ஏராளம். குளிரில் நடக்கிறவனுக்குக் கொழுப்புதான் விறகு. குறைந்த பாரத்தில் நிறைய சக்தி தருவது அதுவே.

முடியாத வில்

இத்தனை முன்யோசனைக்காரருடைய ஆயுதங்களைப் பார்க்கும்போதுதான் மனம் துணுக்குறுகிறது. செப்புக் கோடரி அருமையானது. யூ மரத்துக் காம்பு வைத்தது. செம்பு வெகு தூரத்திலிருந்து, டஸ்கனியிலிருந்து வந்தது. ஆனால் அவரைவிட உயரமான, 1.82 மீட்டர் வில்லோ, பாதிதான் செதுக்கியிருக்கிறது. அம்பறாத்தூணியில் 14 அம்புகள். அவற்றில் முனையும் இறகும் வைத்து முடித்தவை இரண்டே இரண்டு, அவையும் உடைந்தவை. நாணுக்கான நரம்புக் கயிறு சுருட்டியபடியே இருந்தது. குத்துவாள், சுரண்டி எல்லாம் திரும்பத் திரும்பத் தீட்டித் தீட்டித் தேய்ந்தவை. புதுக் கல் அவருக்கு வெகு நாளாகக் கிடைக்கவில்லை என்று 2018இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி சொல்கிறது.

அவர் வலக்கைக்காரர். அந்த வலக்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆழமான வெட்டுக்காயம், சாவதற்குச் சில நாட்களுக்கு முன் பட்டது. குடலில் இருந்த மகரந்தத்தைக் கொண்டு அவர் வழியையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோடை ஆரம்பத்தில், ஒன்றிரண்டு நாட்களுக்குள், பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கி மறுபடி பனிமலைக்கு ஏறியிருக்கிறார். காயம்பட்ட கையோடு, வில்லைச் செதுக்கி முடிக்க அவகாசமில்லாமல் ஏறியிருக்கிறார்.

பத்து வருஷம் வரை, குளிரில் விறைத்துத்தான் செத்தார் என்று நினைத்திருந்தார்கள். 2001இல் எடுத்த எக்ஸ்ரே படம் உண்மையைச் சொல்லிவிட்டது. இடது தோளுக்குள் கல் அம்புமுனை ஒன்று. பின்னாலிருந்து யாரோ எய்தது. இரத்தக் குழாயை அறுத்திருந்தது. எய்தவர் யார், என்ன பகை? யாருக்கும் தெரியாது. விலைமதிப்பற்ற கோடரியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

குளிரையும் பசியையும் நோயையும் கிழிசலையும் நினைத்து நினைத்துக் கட்டிய மூட்டை அது. அவை எதுவும் அவரைத் தோற்கடிக்கவில்லை. மனிதன் கைதான் முடித்தது.

காட்சிசாலையோடு திரும்பிவிடாதீர்கள். முடிந்தால் பஸ் ஏறி ஷ்னால்ஸ் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே அவர் காலத்துக் குடிசைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதமானால் இடையர்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளை அந்த உயரமான கணவாய்களின் வழியே, பனியை மிதித்துக்கொண்டு, ஆஸ்திரியப் பக்கத்து மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள், செப்டம்பரில் திரும்புவார்கள்.

அடுத்த தடவை கொடைக்கானலுக்கோ பத்ரிநாத்துக்கோ மூட்டை கட்டும்போது, மூன்றாவது பட்டுப்புடவையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, உலர்ந்த காலுறை ஒரு ஜோடியும், தீப்பெட்டியும், மருந்தும், ஊசி நூலும் உள்ளே வையுங்கள். "ஊசி நூல் எதற்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டால், புல்லால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்ட அந்த மனிதரின் கதையைச் சொல்லுங்கள்.