கோப்பை காத்த ஊரும் குழந்தைகள் காத்த ஊரும்

ஜெர்மனி தேசத்தின் பவேரியா மாநிலத்தில், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தூரத்தில் அமைந்த ரோதன்பர்க், டிங்கெல்ஸ்பியூல் என்னும் இரு சிற்றூர்களும் பிராயத்திலும் சாயலிலும் உடன்பிறந்தவை போலிருக்கின்றன. முன்னது டௌபர் நதிக்கு மேலே குன்றின்மீது நிற்கிறது. பின்னது வெர்னிட்ஸ் நதிக்கரையில் இருக்கிறது. எந்தச் சிற்றரசனுக்கும் திறை கட்டாமல் சக்கரவர்த்தி ஒருவருக்கே அடங்கிய சுயாதீன நகரங்களாக வாணிபத்தில் செழித்திருந்து, 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டு யுத்தத்தில் நொடித்துப்போய், அதன்பின் புது மாளிகை கட்ட வகையில்லாமற் போன காரணத்தினாலேயே பழைய வீடுகளையும் மதிலையும் இரண்டும் காப்பாற்றிக்கொண்டன. வறுமை செய்த உபகாரம் அது.

இரண்டுக்கும் அந்த யுத்தகாலத்துக் கர்ண பரம்பரைக் கதை உண்டு. 1631-இல் ரோதன்பர்க்கைப் பிடித்த சேனாதிபதி டில்லி, 3¼ லிட்டர் திராட்சரசம் கொண்ட கோப்பையை எவரேனும் ஒரே மூச்சில் பருகினால் ஊரை அழிக்காமல் விடுவதாகச் சொல்ல, முன்னாள் நகரத்தலைவர் நூஷ் பருகிக் காட்டினாராம். மறு வருஷம் ஸ்வீடன் படை டிங்கெல்ஸ்பியூல் வாசலில் நின்றபோது, லோரே என்ற பெண் குழந்தைகளைத் திரட்டிக்கொண்டு போய்த் தளபதியிடம் மன்றாடினாளாம். சரித்திர ஆசிரியர்கள் இவற்றை ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் வயோதிகர் ஒருவரின் குடிவன்மையைக் காட்டிலும் குழந்தைகளின் கண்ணீரைத் தன் ரக்ஷகமாக நினைக்கும் ஊரிடத்திலேயே என் மனம் அதிகம் செல்கிறது.

கலைச்செல்வத்தில் ரோதன்பர்க்கை வெல்ல முடியாது. புனித யாக்கோபு ஆலயத்தில், சிற்பி ரீமன்ஷ்னைடர் 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரத்தில் செதுக்கிய பலிபீடம் இருக்கிறது. வர்ணம் பூசாமல் விடப்பட்ட அந்த மரத்தில், இயேசுவின் கடைசி விருந்துக் காட்சியின் நட்டநடுவே, பணப்பையைப் பிடித்தபடி நிற்கிறான் காட்டிக்கொடுத்த யூதாஸ். பின்புறக் கண்ணாடிகளின் வழியே வரும் வெளிச்சம் அவனையும் சீடர்களையும் வித்தியாசம் பாராட்டாமல் தழுவுகிறது. டிங்கெல்ஸ்பியூலின் புனித ஜார்ஜ் ஆலயம், 1448 முதல் 1499 வரை எழும்பியது; மூன்று கூடங்களும் ஒரே உயரமாயிருப்பதே அதன் கம்பீரம். யுத்தம் முடிந்தபின் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் நகராட்சிப் பதவிகளைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டு ஒரே மதிலுக்குள் வாழ்ந்ததை, கல்லில் செதுக்காத ஒரு சிற்பமென்றே நான் மதிக்கிறேன்.

கதைகள் காத்த ரோதன்பர்க்கை 1945 மார்ச் 31-இல் விழுந்த குண்டுகளிடமிருந்து எந்தக் கோப்பையும் காக்கவில்லை. பழைய நகரத்தில் சுமார் 40 சதவிகிதம் பாழாயிற்று. மதிலைத் திரும்ப எழுப்பியபோது தேசதேசாந்தரங்களிலிருந்து பணம் வந்தது. கொடுத்தவர் பெயரும் எத்தனை மீட்டர் என்பதும் பொறித்த சிறு கற்கள் அம்மதில்மேல் நடக்கும் வழிநெடுகப் பதிந்திருக்கின்றன. டிங்கெல்ஸ்பியூலுக்கு அந்தத் துர்ப்பாக்கியம் நேரவில்லை. அதன் மதிலை இடிக்கக் கூடாதென்று 1826-இலேயே அரசர் முதலாம் லூட்விக் தடுத்துவிட்டார்.

யாத்திரிகர் கூட்டம் ரோதன்பர்க்கோடு திரும்பிவிடுகிறது. அவ்வழி போகும் வாசகர்கள் மற்றொரு நாளை டிங்கெல்ஸ்பியூலுக்காக ஒதுக்கிவைக்க வேண்டும். கூடுமானால் ஜூலை மாதத்தில், லோரேயின் கதையை நினைவுகூரும் குழந்தைகளின் விழா நடக்கும்போது.