குறைமாதக் குழந்தையின் நுரையீரலும் ஸ்டெம் செல் விளம்பரமும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவசியம் கடைசி வரை படியுங்கள்.

என் தங்கையின் பேத்தி 26 வாரத்திலேயே பிறந்துவிட்டது உறவுகளுக்குத் தெரியும். எடை 820 கிராம். மூன்று மாதம் என்.ஐ.சி.யு.வில் இருந்துவிட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் வீட்டுக்கு வந்தாள். நோயின் பெயர் பி.பி.டி. என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்பதன் சுருக்கம் அது.

அந்த நேரம் பார்த்து, குழந்தையின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நுரையீரல் புதிதாக வளருமாம். செலவு பல லட்சம். "வீட்டை அடமானம் வைத்துடலாம் அத்தை, பிள்ளை நல்லா மூச்சு விட்டால் போதும்" என்றார் மாப்பிள்ளை. பெற்றவர் மனசு அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டைத் தவிர அவர்களுக்கு வேறு சொத்து கிடையாது.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், டாக்டர் இல்லை. அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். என்னிடம் படித்து இன்று குழந்தை மருத்துவராக இருக்கும் மாணவனிடம் போனில் கேட்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நுரையீரல் படம் வரைந்து பாகம் குறித்தது நினைவிருக்கிறதா? மூச்சுக்குழல் நுனியில் திராட்சைக் கொத்து மாதிரி இருக்குமே, காற்று நுண்ணறைகள், அவை 26 வாரத்தில் இன்னும் சரியாக உருவாகியிருக்காது. உயிரைக் காப்பாற்ற வென்டிலேட்டரும் ஆக்சிஜனும் கொடுத்தே ஆகவேண்டும். அந்த அழுத்தமும் ஆக்சிஜனுமே பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கியும் விடுகின்றன. 1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நார்த்வே என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் இந்த நோயை முதலில் விவரித்து எழுதினார்கள்.

இனி ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்கிறார்கள். 2009இல் வெளியான ஆய்வுகளில், அதிக ஆக்சிஜனால் நுரையீரல் கெட்ட எலிக்குட்டிகளுக்கு இந்த அணுக்களைக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. வியப்பு என்னவென்றால், கொடுத்த அணுக்களில் மிகச் சிலவே நுரையீரலில் தங்கியிருந்தன. அவை சுரந்த பொருள்கள்தான் வேலை செய்திருக்கின்றன. பிரசவ வீட்டுக்கு வந்து பக்குவம் சொல்லிவிட்டுப் போகும் பாட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, "புது நுரையீரல் முளைக்கும்" என்ற விளம்பரப் பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்து மனிதக் குழந்தைகள். தென்கொரியாவில் சியோல் நகரின் சாம்சங் மருத்துவ மையத்தில், தானமாக வந்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களை 9 குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியே கொடுத்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. குழந்தைகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். பிறகு 66 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 23, 24 வாரத்தில் பிறந்த மிகச் சிறு குழந்தைகளிடம் மட்டும் சற்று நம்பிக்கை தரும் அறிகுறி இருந்தது. அதை உறுதி செய்ய இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும்கூட ஆய்வு செய்திருக்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் மருந்தாக இன்னும் ஆகவில்லை.

நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டி நெறி தெளிவாகச் சொல்கிறது: ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சை போன்றவை தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்கவேண்டும். என் மாணவன் ஒரே வரியில் முடித்தான்: "டீச்சர், ஆய்வு என்றால் காசு வாங்கமாட்டார்கள், காசு வாங்கினால் அது ஆய்வு இல்லை."

இதையெல்லாம் எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விளம்பரக்காரர்களுக்குப் போன் செய்து, அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் உங்கள் ஆய்வு எண் என்ன என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. அடமானப் பேச்சு அத்தோடு நின்றது. பேத்தியின் ஆக்சிஜனை டாக்டர்கள் படிப்படியாகக் குறைத்து, ஏழாம் மாதம் எடுத்துவிட்டார்கள். பிறந்த பிறகும் சில வருடங்கள் புது நுண்ணறைகள் உருவாகிக்கொண்டே இருக்குமாம். சளி பிடித்தால் இன்றும் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அது வேறு விஷயம்.

பலன் நிரூபணமானவை விளம்பரம் இல்லாமல் இருக்கின்றன. குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. நாம் குடிக்கும் காபியில் இருக்கும் கஃபைன். அதை மருந்தாகக் கொடுத்தால் பி.பி.டி. குறைகிறது என்று 2006இல் பெரிய ஆய்வு காட்டியது. தாய்ப்பால். நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகு அடுப்புப் புகை, பீடி சிகரெட், கொசுவர்த்தி எதுவும் குழந்தை பக்கம் வரக்கூடாது.

யாராவது ஸ்டெம் செல் என்று சொல்லிப் பணம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். ஆய்வுப் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழு அனுமதி எங்கே? ஏன் பணம்? பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள்.

மருத்துவம் படித்த என் பிள்ளைகள் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்