இரண்டு ஏவுகணை, ஒரு விமானம்

1983 செப்டம்பர் 1. பொழுது விடியவில்லை. சோவியத் நாட்டின் சகலின் தீவுக்கு அருகே சுகோய்-15 போர் விமானத்தில் தனியாகப் பறந்துகொண்டிருந்தார் கெனாடி ஓசிபோவிச். முன்னால் விளக்குகள் மின்ன ஒரு பெரிய விமானம் போனது. அதைச் சுட்டு வீழ்த்தும்படி தரையிலிருந்து உத்தரவு வந்தது. அவர் ஏவியது ஒன்றல்ல, இரண்டு ஏவுகணைகள்.

பதற்றத்தில் இரண்டு முறை அழுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சோவியத் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கமே அதுதான். அந்த ஆர்-98 ஏவுகணைகளில் ஒரு வகை, எதிரி விமானத்தின் எஞ்சின் சூட்டைத் தேடிப் போகும். இன்னொரு வகை, இலக்கில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையைப் பிடித்துக்கொண்டு போகும்.

ஏன் ஜோடி? அந்தக் கால ஏவுகணைகளை நம்ப முடியாது. வியட்நாம் போரில் அமெரிக்காவின் ஸ்பேரோ ஏவுகணை பத்து ஏவினால் ஒன்று பட்டாலே பெரிது! ஒரு ஏவுகணை தவறுவதற்கு நூற்றுக்கு 30 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே தவறுவதற்கு 9தான். ஆனால் இரண்டும் ஒரே காரணத்தால் கோட்டைவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. கரன்ட் போகும் வீட்டில் பழைய பேட்டரி போட்ட இரண்டு டார்ச் இருந்து என்ன பயன்? ஒரு டார்ச், ஒரு மெழுகுவத்தி என்றால்தானே நிம்மதி. அதனால்தான் சூட்டுக்கு ஒன்று, ரேடாருக்கு ஒன்று. அதிலும் சூடு தேடுவதை முதலில் அனுப்ப வேண்டும். பின்னால் அனுப்பினால், முன்னே போகும் கூட்டாளியின் நெருப்பையே அது துரத்திவிடலாம்.

குறி தவறாமல் இருக்க இவ்வளவு யோசித்தவர்கள், குறி சரிதானா என்பதை இரண்டாவது முறை கேட்கவில்லை.

முன்னால் போனது கொரியன் ஏர் லைன்ஸின் போயிங் 747. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோலுக்குப் போன பயணிகள் விமானம், பாதை விலகி சோவியத் எல்லைக்குள் வந்திருந்தது. தரையில் இருந்தவர்கள் அதை அமெரிக்க உளவு விமானம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஓசிபோவிச் எச்சரிக்கையாக பீரங்கியால் சுட்டுப் பார்த்தார். ஆனால் அவரிடம் ஒளிர்ந்து செல்லும் குண்டுகள் இல்லை. இருட்டில் அந்த எச்சரிக்கை யார் கண்ணில் பட்டிருக்கும்?

அடிபட்ட விமானம் உடனே விழுந்துவிடவில்லை. சுமார் 12 நிமிடம் வானத்தில் தத்தளித்து, மோனெரோன் தீவருகே கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 269 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சோவியத் அரசு ஒளித்து வைத்திருந்த கறுப்புப் பெட்டிப் பதிவுகள், அந்த நாடே இல்லாமல் போன பிறகு, 1993-ல்தான் விசாரணையாளர்கள் கைக்கு வந்தன.

பல வருடம் கழித்து ஓசிபோவிச் பேட்டிகளில் பேசினார். இரண்டு வரிசை ஜன்னல்களைப் பார்த்ததாகவும், அது பயணிகள் விமான வகை என்று தெரிந்ததாகவும் சொன்னார். தரையில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லையாம். அவர்கள் கேட்கவில்லையாம். வந்தது உளவு வேலைக்குத்தான் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.