இருவாச்சியின் முகம்

சிம்பாங் பூலாயில் அக்கா பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையில் பறவை வரையச் சொல்லித் தருகிறேன். கிளியும் மயிலும் இருக்கட்டும், நம் தேசியப் பறவையான காண்டாமிருக இருவாச்சியையே எடுத்துக்கொண்டோம். பேராக்கின் வடக்கே பெலும்-தெமெங்கோர் காட்டில் மலேசியாவின் 10 வகை இருவாச்சிகளும் வாழ்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

பலரும் தலைக்கு ஒரு வட்டம் போட்டுத் தொடங்குவார்கள். நான் அலகில்தான் தொடங்கச் சொல்வேன். இந்தப் பறவைக்கு அலகுதான் முகம். கீழ்நோக்கி வளையும் நீண்ட கோடு ஒன்று, அதன்கீழ் இன்னொன்று. இரண்டும் நுனியில் சேரட்டும். அலகின்மேல், முன்பக்கம் நிமிர்ந்து வளையும் கொம்பு. அதற்குப் பிறகே தலை, சிறியதாக. அலகின் அடியையொட்டிக் கண். இமைமயிரை மறந்துவிடாதீர்கள், இருவாச்சிக்கு உண்மையிலேயே உண்டு. எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

வண்ணத்தில் அவசரம் கூடாது. குஞ்சின் அலகு வெளிறித்தான் இருக்கும். வாலடிச் சுரப்பியின் எண்ணெயைப் பறவை தேய்த்துத் தேய்த்துத்தான் அதில் ஆரஞ்சும் சிவப்பும் ஏறுகின்றன. நாமும் முதலில் இளமஞ்சள், அதன்மேல் மெல்லச் சிவப்பு. ஆண் பறவைக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெண்மை. மூத்தவள் பெண் பறவையைத்தான் வரைவேன் என்கிறாள். முடித்ததும் படங்களைப் போடுகிறேன்.