பொருளினின்று பிறந்த பெயர்

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகைப்படுத்திக் கற்பிப்பது தமிழாசிரியர் பணியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. பொருளின் இயல்பு பற்றி எழுந்தது காரணப் பெயர். இப்பாடத்துக்குப் புதியதோர் எடுத்துக்காட்டு நம் கல்லூரியின் கணினிக் கூடத்திலே எனக்குக் கிடைத்தது. அதனைப் பழைய மாணவ அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இக்காலத்தில் மென்பொருளை முற்றும் தாமே எழுதுவோர் அரியர். பிறர் எழுதி உலகுக்கு வழங்கிய பொதிகள் பலவற்றைத் தருவித்துத் தம் ஆக்கத்தோடு இணைத்துக்கொள்வதே வழக்கம். அவ்வாறு தருவித்து உரிய இடத்தில் வைக்கும் கருவியைப் பொதி முகாமைக் கருவி என்பர். யாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய என்.பி.எம். அவற்றுள் பெயர்பெற்றது. ஆயின், அது ஒவ்வோர் ஆக்கத்துக்கும் வேறு வேறு படிகளை எடுத்து வைப்பது. பழைய கணினியொன்றில் உயர்தர வகுப்பு மாணவர் பலர் மாறி மாறிப் பயின்றமையால், ஒரே பொதி பல முறை இடம்பிடித்து வன்தட்டு நிறைந்தது. மாணவர் தம் செயற்றிட்டங்களைச் சேமிக்கவும் இடமின்றி வருந்தினர்.

அந்நிலையிற் கணினி கற்பிக்கும் இளம் ஆசிரியர் பி.என்.பி.எம். என்னும் வேறொரு கருவியை நிறுவினார். அதன் பண்டகசாலையில் ஒரு கோப்பு வைக்கப்படும் இடத்தை அக்கோப்பின் உள்ளடக்கமே தீர்மானிக்கின்றது. உள்ளடக்கம் முழுவதும் ஹாஷ் எனப்படும் கணித முறையால் ஓர் எண்ணாகச் சுருக்கப்படும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் அவ்வெண் 64 குறிகளால் எழுதப்படுவது. ஒரு காற்புள்ளி மாறினும் எண் முற்றாக வேறுபடும்; உள்ளடக்கம் ஒன்றாயின் எண்ணும் ஒன்றே. ஆகவே, ஒரு கோப்பை எத்தனை மாணவர் வேண்டினும் பண்டகசாலையில் ஒரு படியே இருக்கும். அவரவர் ஆக்கத்தில் அதற்குரிய இணைப்பு மாத்திரம் அமையும். 100 கோப்புகள் கொண்ட பொதியின் புதிய பதிப்பில் ஒன்று மட்டும் மாறியிருப்பின், அவ்வொன்றே புதிதாகச் சேரும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் ஆக்கிய கிட் என்னும் கருவியும் நிரல்களின் வரலாற்றை இவ்வழியிலேயே காத்து வருகின்றது.

“ஐயா, இப்பெயர் இடுகுறியா, காரணமா?” என்று அவ்வாசிரியர் நகைத்து வினவினார். கேட்போர்க்குப் பொருள் தோன்றாமையின் இடுகுறி போலக் காணப்படினும், பொருளினின்றே பிறந்தமையால் காரணப் பெயரே என்றேன்.

இதன் பயன் இடச்சிக்கனம் மாத்திரமன்று. 2016 மார்ச் மாதத்தில் லெஃப்ட்-பாட் என்னும் 11 வரிப் பொதியை அதனை இயற்றியவர் என்.பி.எம். களஞ்சியத்தினின்று நீக்கவே, அதனை நம்பியிருந்த ஆக்கங்கள் பல உலகெங்கும் தடைப்பட்டன. பெயரை மாத்திரம் பற்றி நிற்பின், பொருள் நீங்கிப் போகலாம். அன்றி அதே பெயரில் வேறு பொருள் வந்து புகலாம். ஏடு பெயர்த்தெழுதியோர் கைப்பட்டு ஒரே நூற்பெயரின்கீழ்ப் பாடபேதங்கள் மலிந்தமையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. உள்ளடக்க எண்ணை முன்னரே குறித்துவைப்பின், மாறுபட்டு வந்த பொதியைக் கருவி ஏலாது விலக்கும். சேமித்த படி கையிலிருப்பின், களஞ்சியத்தில் அது நீங்கினும் வேலை நில்லாது.

எனினும், இம்முறைக்கும் எல்லையுண்டு. 2017 இல் கூகிள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சி.டபிள்யு.ஐ. ஆய்வகத்தாரும் பழைய எஸ்.எச்.ஏ.-1 முறையில் வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே எண் வரச் செய்து காட்டினர். வலிய முறைகளைக் கைக்கொள்வதால் அக்குறை நீங்கும். நீங்காத குறை வேறொன்று. 2018 இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்னும் பொதியின் பராமரிப்பைப் புதிதாக ஏற்ற ஒருவர், பிட்கொயின் திருடும் நிரல் கொண்ட வேறொரு பொதியை அதனோடு இணைத்தார். அத்தீய நிரலுக்கும் எண் பிழையின்றியே அமையும். வந்தது குறித்த பொருளே என்பதற்கு எண் சான்று பகரும். அப்பொருள் நன்றோ தீதோ என்பதை அது அறியாது.

அதனை ஆராய்வது படிப்பவர் கடன். நம் மாணவர் பொதிகளைத் தருவிக்கக் கற்றுவிட்டனர். தருவித்ததைத் திறந்து படிக்கும் பழக்கம் அவர்க்கு இன்னும் வாய்க்கவில்லை. மென்பொருட் டுறையிற் பணிபுரியும் பழைய மாணவர் விடுமுறையில் ஊர் வருங்கால், ஒரு பொழுதேனும் அம்மாணவரோடு அமர்ந்து, பிறர் எழுதிய நிரலைப் படித்து ஆராயும் முறையைக் காட்டித் தருவார்களாக.